செடி தேடி நடந்தவர்

அந்தச் செடிக்கு அவசரமே கிடையாது.

நட்டுப் பத்து ஆண்டுகள் ஆனாலும் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்தால் அதுவே அதிகம். அது பூத்துக் குலுங்காது. சமையலுக்கு உதவாது. ஆனாலும் அதன் நிறத்தைக் கண்டவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வெள்ளியை உருக்கி நீலத்தோடு கலந்தது போன்ற நிறம்!

அதன் பெயர் 'நீல நட்சத்திரம்'. ஆங்கிலத்தில் 'புளூ ஸ்டார்' என்பார்கள். அது ஜூனிபர் இனத்தைச் சேர்ந்த செடி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓங்கி நிற்கும் சைப்பிரஸ் மரத்துக்கு ஜூனிபர் உறவு. ஜூனிபரில் பல வகைகள் உண்டு. மரமாக உயர்வதும் உண்டு. தரையோடு தரையாகப் படர்வதும் உண்டு.

நீல நட்சத்திரத்துக்குத் தாய் ஒன்று இருக்கிறது. அந்தத் தாய்ச் செடியின் பெயர் 'மேயர் ஜூனிபர்'. மேயர் என்பது ஒரு மனிதரின் பெயர்.

செடியோ இடத்தை விட்டு அசையாதது. அதற்குப் பெயர் கொடுத்த மனிதரோ ஓர் இடத்தில் நிற்காதவர். மலை, பாலைவனம், பனிக்காடு என்று ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகச் சென்றவர். அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. சொந்தமாக ஒரு வீட்டுத் தோட்டமும் இல்லை. அவர் தேடி எடுத்த செடிகளோ பல்லாயிரம் வீட்டுத் தோட்டங்களில் நிற்கின்றன.

அவர்தான் பிராங்க் மேயர்.

தோட்ட வேலைக்குப் போன சிறுவன்

ஹாலந்து நாட்டின் பெரிய நகரம் ஆம்ஸ்டர்டாம். அங்கே 1875-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரான்ஸ் நிக்கோலாஸ் மேயர். வசதி குறைந்த குடும்பம். கல்லூரியில் சேர்ந்து படிக்க வழி இல்லை.

அந்த நகரில் பழமையான தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. பல நாட்டுச் செடிகளையும் கொண்டுவந்து வளர்க்கும் இடம் அது. 14 வயதில் மேயர் அங்கே தோட்டக்காரரின் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தார். மண் கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, தொட்டிகளை இடம் மாற்றி வைப்பது, இவைதான் வேலை.

அங்கே ஹியூகோ டி விரீஸ் என்ற பேராசிரியர் இருந்தார். உலகப் புகழ் பெற்ற தாவர விஞ்ஞானி. ஒரு செடியின் பிள்ளைகள் அதைப் போலவே இருப்பது ஏன்? சில வேளைகளில் ஒரு பிள்ளை மட்டும் திடீரென்று வேறு விதமாகப் பிறப்பது ஏன்? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தத் திடீர் மாறுதலைப் பற்றி 1901-ம் ஆண்டு அவர் எழுதிய பெரிய நூல் விஞ்ஞானிகளிடையே பரபரப்பை உண்டாக்கியது.

தோட்ட வேலை செய்யும் சிறுவன் ஒவ்வொரு செடியையும் உற்றுப் பார்ப்பதைப் பேராசிரியர் கவனித்தார். அவனுக்கு ஆர்வம் இருக்கிறது, அறிவும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். மேலும் படிக்க உதவினார். நாளடைவில் மேயர் அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சித் தோட்டத்தையே கவனித்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்தார்.

நல்ல வேலை. நல்ல எஜமானர். அங்கேயே இருந்திருந்தால் கவலை இல்லாமல் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் மேயரின் கால்கள் சும்மா இருக்கவில்லை.

நடையோ நடை!

தொட்டியில் நிற்கும் செடியைப் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. அது பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை. அதனால் என்ன? கால்கள் இருக்கின்றனவே!

நடக்கத் தொடங்கினார். பனி மூடிய ஆல்ப்ஸ் மலையைக் கால்நடையாகவே கடந்து இத்தாலிக்குப் போனார். அங்குள்ள ஆரஞ்சுத் தோப்புகளைக் காண வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு.

1901-ம் ஆண்டு கப்பல் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே விவசாய இலாகாவின் தோட்டங்களில் வேலை பார்த்தார். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வேலையை விட்டார். மெக்சிகோ நாட்டுக்குப் போய் ஊர் ஊராக நடந்து செடிகளைப் பார்த்தார். பணம் தீர்ந்தது. திரும்பி வந்து வேறொரு தாவரத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஊரார் இதைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் இப்படி ஒரு பைத்தியத்தைத் தேடிக்கொண்டிருந்தார் இன்னொருவர்.

வேலை தேடி வந்தது

அவர் பெயர் டேவிட் பேர்சைல்ட். வெளிநாட்டு விதைகளையும் செடிகளையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் சர்க்கார் இலாகாவுக்கு அவர் தலைவர்.

அமெரிக்கா பெரிய நாடு. குளிரும் வறட்சியும் மிகுந்த பகுதிகள் அங்கே பல உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் என்ன பயிர் செய்வது? சீனாவின் வடபகுதியும் அதே போன்ற நிலம்தான். அங்கே குடியானவர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிர் செய்து வாழ்கிறார்கள். அவர்களுடைய பயிர்களைக் கொண்டுவந்தால் பிழைக்கலாமே என்று பேர்சைல்ட் எண்ணினார்.

ஆனால் யார் போவது? அந்த நாளில் உட்புறச் சீனாவில் நல்ல சாலைகள் குறைவு. ரெயில் பாதைகளும் குறைவு. மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அதில் சலிக்காதவர் வேண்டும். செடியைப் பார்த்ததும் அதன் அருமையைக் கண்டுகொள்பவராகவும் இருக்க வேண்டும்.

1905-ம் ஆண்டின் கோடைகாலத்தில் மேயர் அவர் முன் வந்து நின்றார். கடும் வெயில். மேயரின் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு ஒரு கூலிக்காரர் போல இருந்தார். ஆனால் செடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பேர்சைல்டுக்குச் சந்தேகம் தீர்ந்தது. இவர்தான் ஆள் என்று முடிவு செய்தார்.

அந்த ஆண்டே மேயர் சீனாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29.

ஆட்டுத் தோல் அங்கி

அன்று பீக்கிங் என்று அழைக்கப்பட்ட பெய்ஜிங் நகரில் அவர் பயணம் தொடங்கியது. அங்கிருந்து மஞ்சூரியா, கொரியா, சைபீரியா என்று நடந்தார். சாமான்களைச் சுமக்கக் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் கூட வந்தன. மேயரோ பெரும்பாலும் நடந்தே சென்றார். வண்டியில் உட்கார்ந்தால் வழியோரத்துச் செடி கண்ணில் படாமல் போய்விடுமே!

காலில் கனமான பூட்ஸ். உடம்பில் ஆட்டுத் தோல் அங்கி. கையில் ஒரு கோல். முகத்தில் தாடி. இந்தக் கோலத்தில் அவர் நிற்கும் புகைப்படம் பின்னாளில் பிரபலமாயிற்று.

இரவில் தங்கிய சத்திரங்களில் மூட்டைப்பூச்சித் தொல்லை. குளிரோ எலும்பைத் துளைக்கும் குளிர். ஹார்பின் நகரில் முரடர்கள் மூவர் அவரைத் தாக்கினர். அவர்களை எதிர்த்துப் போராடி உயிர் தப்பினார். மறுபடியும் நடந்தார்.

விதைகளைச் சேர்ப்பார். மரங்களிலிருந்து ஒட்டுப் போடுவதற்கான குச்சிகளை வெட்டுவார். அவற்றை ஈரப் பாசியில் சுற்றி, மேலே துணி வைத்துத் தைத்து, அமெரிக்காவுக்கு அனுப்புவார். வாரக்கணக்கில் கப்பலில் போகும். சில பொதிகளில் எல்லாம் காய்ந்து போயிருக்கும். சிலவற்றில் அழுகியிருக்கும். பிழைத்தவை கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள சர்க்கார் தோட்டத்தில் நடப்படும். பல மாதம் நடந்து எடுத்தது பிழைத்ததா, இல்லையா என்ற செய்தி வந்து சேர மேலும் பல மாதம் ஆகும்.

பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

வாசலில் நின்ற எலுமிச்சை

மேயர் காட்டுக்குள் மட்டும் தேடவில்லை. வீட்டு வாசல்களையும் கோயில் முற்றங்களையும் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக மக்கள் எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களோ அதில் ஏதோ நன்மை இருக்கும் என்பது அவர் எண்ணம்.

பெய்ஜிங் நகருக்கு அருகில் தொட்டியில் வளர்த்த ஓர் எலுமிச்சையை 1908-ம் ஆண்டு கண்டார். சிறு மரம். அழகுக்காக வளர்த்தது. ஆனால் நிறையக் காய்த்திருந்தது. பழத்தில் புளிப்பு குறைவு. சாறு அதிகம். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இன்று 'மேயர் எலுமிச்சை' என்று பல நாடுகளில் பெயர் பெற்றிருப்பது அதுதான்.

விதையில்லாத பெரிய சீமைப் பனிச்சைப் பழம், பலவகைச் சோயா மொச்சை, குளிரையும் வறட்சியையும் தாங்கும் எல்ம் மரம், பழமரங்களுக்கு ஒட்டுப் போட உதவும் காட்டுப் பேரி ஆகியவையும் அவர் அனுப்பியவைதான். வாழ்நாளில் அவர் அனுப்பிய செடி, விதை வகைகள் சுமார் 2,500!

அவற்றுள் ஒன்றுதான் நீல ஜூனிபர்.

நீலச் செடி

அதை அவர் எடுத்தது காட்டில் அல்ல. சீனத் தோட்டத்தில் வளர்ந்த செடி அது. அந்த இன ஜூனிபர் இமயமலையிலும் சீன மலைகளிலும் இயற்கையாக வளர்வது. ஆனால் இவ்வளவு நீலமான செடி தோட்டங்களில்தான் இருந்தது.

யாரோ ஒரு சீனத் தோட்டக்காரர் என்றோ ஒரு நாள் நூறு செடிகளுக்கு நடுவில் ஒரு நீலச் செடியைப் பார்த்திருக்க வேண்டும். அதைத் தனியே எடுத்து வளர்த்திருக்க வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் கிளை நறுக்கி நட்டு அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மேயர் தேடிப் போனது அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பைத்தான்.

இந்தச் செடியை உண்ண முடியாது. பஞ்சத்துக்கு உதவாது. இருந்தும் மேயர் அதை விடவில்லை. வயிற்றுக்கு வேண்டியதைப் போலக் கண்ணுக்கு வேண்டியதையும் அவர் சேர்த்து அனுப்பினார்.

மொட்டை மலை

முதல் பயணத்தில் மேயர் கண்ட ஒரு காட்சி அவர் மனத்தை வாட்டியது.

சீனாவில் வூட்டாய் என்ற மலை உண்டு. பௌத்தர்களுக்குப் புனிதமான மலை. சுற்றுப்புறத்தில் இருந்த மரங்களையெல்லாம் மக்கள் வெட்டிவிட்டார்கள். மழை பெய்தபோது மண் கரைந்து ஓடியது. எஞ்சியது பாறை. ஆறுகளில் கல்லும் மணலும் நிறைந்து விளைநிலங்கள் பாழாயின.

மேயர் அதைப் புகைப்படம் எடுத்தார்.

1908-ம் ஆண்டு அவர் அமெரிக்கா திரும்பினார். அப்போது தியடோர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தார். ஒரு காலத்தில் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிய பையனை நாட்டின் ஜனாதிபதி தமது வீட்டுக்கு அழைத்துப் பேசினார். அந்த ஆண்டு டிசம்பர் மாதம் நாடாளுமன்றத்துக்கு ரூஸ்வெல்ட் ஓர் அறிக்கை அனுப்பினார். காட்டை அழித்தால் நாடு என்ன ஆகும் என்று அதில் எச்சரித்தார். அதற்குச் சாட்சியாக மேயரின் புகைப்படங்களைக் காட்டினார்.

அதே ஆண்டில் மேயர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

கோபமும் குணமும்

அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. 1909-ம் ஆண்டு மீண்டும் புறப்பட்டார். காக்கசஸ் மலைகள், சாமர்கண்ட், சீனத் துருக்கிஸ்தானின் பாலைவனங்கள், சைபீரியா என்று மூன்று ஆண்டுகள் அலைந்தார். 1912-ல் மூன்றாவது பயணம். அது 1915 வரை நீடித்தது.

அந்தப் பயணத்தில் ஒரு பெரிய புதிருக்கு விடை கண்டார். அமெரிக்காவில் செஸ்ட்நட் மரங்கள் ஒரு கொள்ளைநோயால் மடிந்துகொண்டிருந்தன. 1904-ல் நியூயார்க் நகரில் முதலில் தெரிந்த நோய் அது. பின்னர் கோடிக்கணக்கான மரங்களை அழித்தது. அது எங்கிருந்து வந்தது? 1913-ல் வட சீனாவில் அதே நோயை மேயர் கண்டுபிடித்தார். நோய் கண்ட மரப்பட்டையை அனுப்பி வைத்தார். சீன மரங்களுக்கும் அந்த நோய் வருகிறது, ஆனால் அவை தாங்கிக்கொள்கின்றன என்பதும் தெரிந்தது. நோயைத் தாங்கும் மரங்களை உண்டாக்குவதற்கு அது வழிகாட்டியது.

மேயர் தவறே செய்யாத மகான் அல்லர். முன்கோபம் உள்ளவர். 1914-ல் திபெத் எல்லையை நோக்கிச் சென்றபோது வழியில் ஆபத்து என்று அஞ்சி அவருடைய மொழிபெயர்ப்பாளர் மேலே வர மறுத்துவிட்டார். மேயருக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை மாடிப்படியில் பிடித்துத் தள்ளினார். மொழிபெயர்ப்பாளர் விலகிப் போய்விட்டார். அந்த மனிதரின் அச்சம் நியாயமானதுதான். தம்மைப் போலவே எல்லோரும் நடக்க வேண்டும் என்று மேயர் எதிர்பார்த்தார். அது எல்லோராலும் முடியுமா?

தனிமை

பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. மேயருக்கு நாற்பது வயது ஆனது. உடம்பு தளர்ந்தது. அதைவிட மனம் தளர்ந்தது.

சத்திரத்தில் இரவு வந்தால் பேச ஆள் இல்லை. தாய்மொழி கேட்டுப் பல நாளாகும். ஐரோப்பாவில் உலக யுத்தம் மூண்டிருந்தது. தாம் அன்போடு நடந்து பார்த்த நாடுகள் ஒன்றையொன்று அழிப்பதை எண்ணி வருந்தினார். நரம்புத் தளர்ச்சி கண்டது. உறக்கம் கெட்டது.

தாம் அனுப்பிய மரங்கள் வளர்ந்து நிற்பதை அருகில் இருந்து பார்க்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு பயணங்களுக்கு நடுவே சில மாதங்கள் மட்டும் அமெரிக்காவில் இருப்பார். அப்போது பார்த்தால் சில கன்றுகள் தளிர்விட்டிருக்கும். அவ்வளவுதான். மறுபடியும் கப்பல் ஏற வேண்டும்.

1916-ம் ஆண்டு நான்காவது முறையாகச் சீனாவுக்குப் போனார். அமெரிக்கப் பேரி மரங்களைத் தாக்கும் கருகல் நோயைத் தாங்கக்கூடிய காட்டுப் பேரியின் விதைகளை மூட்டை மூட்டையாகச் சேகரிப்பது வேலை. அதைச் செய்து முடித்தார்.

அப்போது சீனாவுக்குள்ளேயே வடக்குப் படைக்கும் தெற்குப் படைக்கும் சண்டை மூண்டது. மேயர் யாங்சி நதிக்கரையில் உள்ள இச்சாங் நகரில் மாட்டிக்கொண்டார். 1917 டிசம்பர் முதல் பல மாதங்கள் வெளியே போக வழியில்லை. நடந்தே வாழ்ந்த மனிதர் ஓர் ஊரில் அடைபட்டுக் கிடந்தார்.

நதியில் முடிந்த பயணம்

1918 மே மாதம் வழி திறந்தது. மேயர் ஹாங்காவ் நகருக்கு வந்தார். அங்கிருந்து ஷாங்காய்க்குப் போக, பெங்யாங் மாரு என்ற ஜப்பானிய நீராவிக் கப்பலில் ஏறினார். உதவியாளர் ஒருவரும் உடன் சென்றார்.

ஜூன் 1-ந் தேதி இரவு. கப்பல் யாங்சி நதியில் போய்க்கொண்டிருந்தது. நடு இரவு நெருங்கும் நேரத்தில் மேயரைக் காணவில்லை. கப்பல் முழுவதும் தேடினார்கள். அவர் இல்லை.

சில நாட்கள் கழித்து நதியில் அவருடைய உடல் கிடைத்தது. தவறி விழுந்தாரா? தாமே குதித்தாரா? வேறு ஏதேனும் நடந்ததா? யாருக்கும் தெரியாது. இன்று வரை அது புதிராகவே இருக்கிறது.

அப்போது அவருக்கு வயது 42. ஷாங்காய் நகரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆயிரம் டாலர்

மேயர் உயில் எழுதி வைத்திருந்தார். தம்முடன் வேலை பார்த்த இலாகா ஊழியர்களுக்கு அதில் 1,000 டாலர் எழுதியிருந்தார். நல்ல சம்பளக்காரர் அல்லர் அவர். அந்த நாளில் 1,000 டாலர் பெரிய தொகை.

பொதிகளைப் பிரித்தவர்கள், விதைகளை எண்ணியவர்கள், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள், இவர்கள்தான் அவருக்கு உறவு.

அந்தப் பணத்தை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் கூடிப் பேசினார்கள். மேயர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். புதிய செடிகளைத் தேடித் தரும் சிறந்த மனிதர்களுக்கு அதை அளிப்பது என்று முடிவாயிற்று. 1920-ம் ஆண்டு முதல் அந்தப் பதக்கம் வழங்கப்பட்டது.

1930-களில் அமெரிக்காவின் நடுப் பகுதியில் பெரும் வறட்சி வந்தது. மண் புழுதியாகப் பறந்தது. காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக மரம் நட்டார்கள். மேயர் அனுப்பிய எல்ம் இனமும் அவற்றுள் ஒன்று. மொட்டை மலையைக் கண்டு வருந்தியவர் அனுப்பிய மரம் இன்னொரு நாட்டின் மண்ணைக் காக்க நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நீல நட்சத்திரம் பிறந்தது

சீனத் தோட்டத்து நீல ஜூனிபருக்கு விஞ்ஞானிகள் 1922-ம் ஆண்டு மேயரின் பெயரைச் சூட்டினர். அப்போது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மேயர் ஜூனிபர் நாளடைவில் ஐரோப்பாவுக்கும் பரவியது. ஹாலந்து நாட்டிலும் வளர்க்கப்பட்டது. அது பல அடி உயரம் வளரும் செடி.

1950-ம் ஆண்டையொட்டி ஹாலந்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு மேயர் ஜூனிபரில் ஒரு கிளை மட்டும் வேறு விதமாக வளர்ந்திருந்தது. சிறு குச்சிகள் நெருங்கி, கொத்தாகத் திரண்டு நின்றன. இப்படிப்பட்ட கொத்தை ஐரோப்பியர்கள் சூனியக்காரியின் துடைப்பம் என்று அழைப்பார்கள். சூனியம் ஒன்றும் இல்லை. செடியில் நேர்ந்த திடீர் மாறுதல், அவ்வளவுதான்.

பண்ணையார் அந்தக் கொத்திலிருந்து குச்சி நறுக்கி நட்டார்கள். வேர் பிடித்தது. ஆனால் உயரமாக வளரவில்லை. உருண்டையாக, அடர்த்தியாக, மெல்ல மெல்ல வளர்ந்தது. பல ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு 1964-ம் ஆண்டு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் நீல நட்சத்திரம்.

திடீர் மாறுதலைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் ஆராய்ந்தவர் டி விரீஸ். அவருடைய தோட்டத்தில் வேலை செய்த சிறுவன் மேயர். அந்தச் சிறுவன் பெரியவனாகிச் சீனாவில் எடுத்த செடி, அவனுடைய சொந்த நாட்டுக்கே வந்து சேர்ந்தது. அங்கே அந்த மாறுதலைத் தன் உடம்பிலேயே காட்டியது!

வளர்ப்பது எப்படி?

நீல நட்சத்திரத்தை விதையிலிருந்து உண்டாக்க முடியாது. குச்சியை நறுக்கித்தான் நட வேண்டும். உலகில் உள்ள நீல நட்சத்திரச் செடிகள் எல்லாம் அந்த ஒரே கொத்திலிருந்து வந்தவைதான்.

குளிர்ந்த இடமே இதற்கு ஏற்றது. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த இடம் ஒத்துவராது. வெளிச்சம் நன்றாக வேண்டும். நிழலில் வைத்தால் நீல நிறம் மங்கும். கிளைகளும் மெலியும்.

தண்ணீர் தேங்கவே கூடாது. தேங்கினால் வேர் அழுகிவிடும். மணல் கலந்த மண் நல்லது. தொட்டியில் வைத்தால் அடியில் துவாரம் அவசியம். முதல் ஆண்டில் மண் காயாமல் தண்ணீர் விட வேண்டும். வேர் ஊன்றிய பிறகு சிறிது வறட்சியைத் தாங்கும். உரம் அதிகம் வேண்டாம்.

கத்திரிக்கோலுக்கு இங்கே வேலை இல்லை. இலை இல்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. ஆகவே, பெரிதானால் எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலிலேயே யோசித்து நட வேண்டும். உட்புறத்தில் பழைய இலைகள் பழுப்பாவது இயற்கை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இதற்குமேல் செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றுதான். இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குழந்தை பிறந்த ஆண்டில் நட்டால், குழந்தை நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது செடி அதன் முழங்கால் அளவுக்கு வந்திருக்கும்.

மேயருக்கு அப்படிக் காத்திருந்து பார்க்க ஒரு வாசல் இருந்ததில்லை. அவர் அனுப்பிய செடிகளுக்கு வாசல்கள் கிடைத்தன.